சுவரில் முகம், சீட்டில் சின்னம்: தேர்தல் போஸ்டரை மாற்றிய எம்.ஜி.ஆரின் கதை

தேர்தலில் நிற்கும் ஒருவர் தொகுதிப் பக்கமே போகவில்லை. ஒரு தெருவில்கூட இறங்கி ஓட்டு கேட்கவில்லை. மேடை ஏறவில்லை. ஏற நினைத்தாலும் முடியாது, காரணம் அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கழுத்தில் குண்டு பாய்ந்திருந்தது, பேச்சு சரியாக வரவில்லை. அப்படியும் அவர் ஜெயித்தார், அதுவும் பெரிய வித்தியாசத்தில்.

1967 பொதுத் தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியில் நடந்தது இது. வேட்பாளர் எம்.ஜி.ஆர். அவருக்குப் பதிலாகத் தெருத்தெருவாகப் போனது ஒரு போஸ்டர். கழுத்தில் கட்டு, கூப்பிய கைகள். அவ்வளவுதான் அதில் இருந்தது.

தமிழ்நாட்டு அரசியலில் முகத்தின் பலம் பற்றிப் பேசும் எல்லாரும் இந்தப் போஸ்டரில்தான் தொடங்குவார்கள். ஆனால் அது ஒரு நாளில் வந்த பலம் இல்லை. அதற்குப் பின்னால் 20 ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு 20 ஆண்டு அரசியலும் இருக்கிறது. ஒரு முகம் எப்படி ஓட்டாக மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள எம்.ஜி.ஆரின் வாழ்க்கையைவிட நல்ல பாடம் கிடையாது.

நூறு மீட்டர் கணக்கு

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இந்தியத் தேர்தலில் முகமும் சின்னமும் வேறு வேறு இடத்தில் வேலை செய்கின்றன.

1951 கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் 18 சதவீதம் பேர்தான். வேட்பாளர் பெயரை அச்சடித்துக் கொடுத்தால் பெரும்பாலானவர்களால் படிக்க முடியாது. அதனால் முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி ஓட்டுப்பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். பிறகு ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சடித்து முத்திரை குத்தும் முறை வந்தது. எந்த முறையாக இருந்தாலும் வாக்காளரின் கை தேடியது சின்னத்தைத்தான்.

வேட்பாளரின் புகைப்படம் வாக்குச்சீட்டில் இடம்பெறத் தொடங்கியதே 2015-ல்தான். அதுவரை சீட்டில் முகத்துக்கு இடமில்லை. வாக்குப்பதிவு நாளில் சாவடியைச் சுற்றி நூறு மீட்டருக்குள் பிரசாரமும் கூடாது.

ஆக, சுவரில் முகம், சீட்டில் சின்னம். நடுவே நூறு மீட்டர். அந்தத் தூரத்தை நடந்து முடிப்பதற்குள் முகத்தை மறந்துவிடாமல், அதைச் சின்னமாக மாற்றிக்கொண்டு வாக்காளர் உள்ளே போக வேண்டும். கட்சிகளின் எல்லா போஸ்டரும், சுவர் விளம்பரமும், கொடியும், தோரணமும் இந்த ஒரு வேலைக்காகத்தான். இந்த வேலையை எம்.ஜி.ஆர். அளவுக்குப் பொறுமையாகச் செய்தவர்கள் குறைவு.

நாவலப்பிட்டியிலிருந்து கோடம்பாக்கம்

மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் பிறந்தது 1917 ஜனவரி 17-ல், இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் உள்ள நாவலப்பிட்டியில். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா சத்யபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார். வீட்டில் வறுமை. ராமச்சந்திரனும் அண்ணன் சக்கரபாணியும் படிப்பை விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம், சோறு போட்டதும் அதுதான்.

1936-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’யில் போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சின்ன வேடம். கதாநாயகனாக ‘ராஜகுமாரி’ வந்தது 1947-ல். நடுவே பத்து ஆண்டுக்கு மேல் துண்டு துண்டான வேடங்கள். ஹீரோ ஆனபோது வயது 30. சினிமாவில் முகம் என்பது எவ்வளவு விலை உயர்ந்த சரக்கு, அதை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்பதை இந்தக் காத்திருப்பு அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பின்னாளில் தன் உருவத்தைப் பற்றி அவர் காட்டிய கறார்த்தனம் அப்படி.

ஆரம்பத்தில் அவர் காங்கிரஸ் அனுதாபி, கதர் கட்டியவர். 1949-ல் அண்ணா தொடங்கிய தி.மு.க.வில் அவர் சேர்ந்தது 1953-ல். நாடகமும் சினிமாவும் தெரிந்த தலைவர்கள் நிறைந்த கட்சி அது. அண்ணாவும் கருணாநிதியும் வசனத்தால் கூட்டம் சேர்த்தார்கள். எம்.ஜி.ஆர். கொண்டுவந்தது வேறு சரக்கு. வசனம் புரியாதவர்களுக்கும் புரிகிற ஒரு உருவம்.

சினிமா போஸ்டருக்குள் கட்சி

தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்றது 1957-ல். அதே ஆண்டு வெளியான ‘சக்கரவர்த்தி திருமகள்’ படத்தில் எம்.ஜி.ஆர். ஏற்ற பாத்திரத்தின் பெயர் உதயசூரியன். அடுத்த ஆண்டு கட்சிக்கு அங்கீகாரமும் உதயசூரியன் சின்னமும் உறுதியாயின.

1958-ல் அவரே தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ வந்தது. அவருடைய எம்ஜியார் பிக்சர்ஸ் நிறுவனத்தின் முத்திரையைப் பார்த்தவர்களுக்கு விஷயம் உடனே புரிந்திருக்கும். ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு கொடியை உயர்த்திப் பிடிக்கிறார்கள். அது தி.மு.க. கொடி. பொதுக்கூட்டத்துக்கு வராத ஆள்கூட டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து அந்தக் கொடியைப் பார்த்தார். தணிக்கைக் குழுவும் இதைக் கவனிக்காமல் இல்லை. 1966-ல் வந்த ‘அன்பே வா’வில் ஒரு பாட்டில் இருந்த உதயசூரியன் என்ற சொல்லை மாற்ற வேண்டியிருந்தது.

கொடியையும் சின்னத்தையும்விட முக்கியமான வேலையைச் செய்தவை படத்தின் பெயர்கள். ‘தொழிலாளி’, ‘படகோட்டி’, ‘விவசாயி’, ‘மாட்டுக்கார வேலன்’, ‘ரிக்‌ஷாக்காரன்’, ‘மீனவ நண்பன்’. வரிசையாகப் படித்தால் சினிமா பட்டியல் போலவா இருக்கிறது? ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலைத் தொழில்வாரியாகப் பிரித்தது போல இருக்கிறது. ரிக்‌ஷா ஸ்டாண்டில் நிற்கும் ஒருவர் எதிர்ச் சுவரில் தன் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சிரிக்கும் எம்.ஜி.ஆரைப் பார்க்கிறார். அந்தப் போஸ்டரில் ஓட்டுப் போடுங்கள் என்று ஒரு எழுத்துகூட இல்லை. தேவையும் இல்லை.

அந்தப் போஸ்டரை ஒட்டியது யார் என்பதும் முக்கியம். தியேட்டர் ஆட்கள் ஒட்டியது போக, ஊர் ஊராக இருந்த ரசிகர் மன்றங்கள் இந்த வேலையைச் செய்தன. பசை வாளி, பிரஷ், சைக்கிள், ராத்திரி கண்விழிக்கத் தயாரான நாலு இளைஞர்கள். படம் ரிலீஸ் ஆகும்போது பசை காய்ச்சிய அதே கைகள் தேர்தல் வந்தால் கட்சிக்குப் பசை காய்ச்சின. எந்தச் சுவர் யாருடையது, எந்தத் திருப்பத்தில் ஒட்டினால் பஸ்ஸில் போகிறவர் கண்ணில் படும் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. இதெல்லாம் கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் வித்தை இல்லை.

திரையில் அவர் வகுத்துக்கொண்ட ஒழுங்கும் இந்தப் பிம்பத்தின் பகுதிதான். அவருடைய நாயகன் குடிக்க மாட்டான், சிகரெட் பிடிக்க மாட்டான். அம்மாவை வணங்குவான். ஏழைக்கு அடி விழுந்தால் குறுக்கே வந்து நிற்பான். ஒவ்வொரு படத்திலும் வேடம் மாறும், ஆள் மாறமாட்டான். இன்றைய விளம்பரத் துறை இதை பிராண்ட் என்கிறது. அன்றைக்கு அதற்கு எம்.ஜி.ஆர். படம் என்று பெயர்.

கட்டுப் போட்ட கழுத்து

1967 ஜனவரி 12. சென்னை ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆரைச் சக நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். மறுநாள் எம்.ஜி.ஆர். நடித்த ‘தாய்க்குத் தலைமகன்’ தியேட்டர்களுக்கு வந்தது. திரையில் சண்டை போடும் நாயகன், ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடும் மனிதர். ஒரே நேரத்தில் இரண்டையும் ஜனங்கள் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் தேர்தல். பரங்கிமலையில் அவர்தான் தி.மு.க. வேட்பாளர். அப்போதுதான் அந்தப் படம் போஸ்டரானது. வழக்கமாகச் சினிமா போஸ்டரில் வாளோடும் சாட்டையோடும் நிற்கிறவர், இங்கே அடிபட்டு, பேச முடியாமல், கை மட்டும் கூப்பியிருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு அவர் வேட்பாளராகத் தெரிந்ததைவிட வீட்டில் ஒருவராகத் தெரிந்தார். குறிப்பாகப் பெண்கள் மத்தியில் அது பெரிய அலையை உண்டாக்கியது.

இந்த ஒரு போஸ்டரால்தான் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது என்று சொன்னால் அது மிகை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபம் இன்னும் ஆறவில்லை. அரிசித் தட்டுப்பாடு மக்களை வாட்டியது, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி வேறு. எதிர்க்கட்சிகளின் வலுவான கூட்டணியையும் அண்ணா கட்டியிருந்தார். காங்கிரஸ் மேல் வெறுப்பு ஏற்கெனவே இருந்தது. அந்த வெறுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாசத்தையும் நிறுத்தியதுதான் போஸ்டர் செய்த வேலை. காமராஜரே விருதுநகரில் தோற்ற தேர்தல் அது.

குண்டு விட்டுப்போன அடையாளம் கடைசிவரை மாறவில்லை. எம்.ஜி.ஆரின் குரல் அதற்குப் பிறகு பழையபடி திரும்பவே இல்லை. வேறு எந்த நடிகருக்கும், பேச்சையே மூலதனமாகக் கொண்ட எந்தத் திராவிட இயக்கத் தலைவருக்கும் இது பெரிய இழப்பு. எம்.ஜி.ஆருக்கு அது தடையாகவில்லை. மக்களிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது அதற்கு முன்பே உருவத்தின் வழியாகத்தான்.

சூரியனை விட்டுவிட்டு வந்தவர்

1969-ல் அண்ணா மறைந்தார். கருணாநிதி முதல்வரானார், எம்.ஜி.ஆர். கட்சியின் பொருளாளர். கணக்குக் கேட்பதில் தொடங்கிய மோதல் முற்றி, 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அதே மாதம் 17-ந் தேதி அண்ணா தி.மு.க. பிறந்தது.

ஒரு பிராண்டை உருவாக்கியவர் கம்பெனியை விட்டு வெளியே வந்தால் எதை எடுத்துக்கொண்டு வரலாம்? இந்தக் கேள்விதான் அன்றைக்கு அவர் முன்னால் நின்றது. 15 ஆண்டுகளாகத் தன் முகத்தோடு சேர்த்து ஊருக்கெல்லாம் அவர் பழக்கப்படுத்திய உதயசூரியன் இப்போது எதிராளியின் சின்னம். 1968-ன் சின்னங்கள் ஒதுக்கீட்டு ஆணைப்படி அது அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்குச் சொந்தம். பழக்கிவிட்டவருக்கு அதில் உரிமை கிடையாது.

எடுத்துவர முடிந்தது மூன்று. ஒன்று, நிறம். புதிய கட்சியின் கொடியும் கருப்பு சிவப்புதான். இரண்டு, அண்ணா. கட்சிப் பெயரில் அவர் பெயர், கொடியின் நடுவே வெள்ளையில் அவர் உருவம். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய கொடி, கிட்டே வந்தால் அண்ணா தெரிவார். அண்ணாவின் உண்மையான வாரிசு யார் என்ற வாதத்தை மேடையில் மணிக்கணக்கில் பேசுவதற்குப் பதில் கொடியிலேயே வைத்துவிட்டார்கள். மூன்றாவது, அவருடைய முகம். கூடவே ரசிகர் மன்றங்களும் வந்தன. மன்றப் பலகைகள் பல ஊர்களில் கட்சிப் பலகைகளாக மாறின.

இல்லாதது ஒன்றுதான், சின்னம்.

1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல் வந்தது. புதுக் கட்சியின் முதல் பரீட்சை. வேட்பாளர் கே.மாயத்தேவர். பொதுச் சின்னங்களின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது இரட்டை இலை. கதையோ வரலாறோ இல்லாத சின்னம். ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. அதை வரைவது சுலபம். சுவரில் இரண்டே வீச்சில் வரைந்துவிடலாம். கையிலும் காட்டிவிடலாம், இரண்டு விரலை விரித்தால் போதும். பிரசார வேனில் நின்று எம்.ஜி.ஆர். இரண்டு விரலைக் காட்டியபோது முகமும் சின்னமும் ஒரே உடம்பில் சேர்ந்தன. சூரியனை விரலில் காட்ட முடியாது.

அதே மே மாதத்தில் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. சென்னையில் சினிமா போஸ்டர்களுக்கான வரி உயர்த்தப்பட்டிருந்ததால் படம் போஸ்டரே இல்லாமல் வந்தது. பதிலுக்கு ஸ்டிக்கர்கள் அடிக்கப்பட்டன. போஸ்டர் சுவரோடு நிற்கும். ஸ்டிக்கர் வண்டியில் ஏறி ஊர் சுற்றும். தடையே புது ஊடகமாக மாறியது. படம் பிரமாண்ட வெற்றி. சில நாட்களில் திண்டுக்கல் முடிவும் வந்தது. மாயத்தேவர் ஜெயித்தார், ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாமிடம். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாமிடத்துக்குப் போனது.

ஏழே மாத வயதுள்ள கட்சி, சில வாரங்களுக்கு முன் கிடைத்த சின்னம். இவ்வளவு வேகமாக ஒரு புதிய சின்னத்தை மக்கள் மனதில் பதிய வைக்க முடிந்தது என்றால், அதுவரை உதயசூரியனுக்கு விழுந்த ஓட்டில் ஒரு பங்கு சூரியனுக்கு விழுந்ததே இல்லை, அந்த முகத்துக்கு விழுந்தது என்றுதானே அர்த்தம்?

தொப்பி, கண்ணாடி, சிரிப்பு

1970-களில் எம்.ஜி.ஆரின் தோற்றம் ஒரு நிரந்தர வடிவத்துக்கு வந்தது. வெள்ளைத் தொப்பி, கருப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, வேட்டி. வயது 55-ஐத் தாண்டிவிட்டது. தொப்பி தலைமுடியை மறைத்தது, கண்ணாடி கண்களின் களைப்பை மறைத்தது என்று பலரும் கேலி செய்தார்கள். ஆனால் சுவரில் வரைகிற ஓவியரின் இடத்திலிருந்து பாருங்கள், வேறு ஒன்று புரியும்.

ஒரு மனித முகத்தைச் சுவரில் பெரிதாக வரைவது கஷ்டம். கண் கொஞ்சம் பிசகினாலும் ஆள் மாறிவிடும். கண்ணையே கண்ணாடி மூடிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. மேலே வெள்ளையில் ஒரு தொப்பி, கீழே கருப்பில் இரண்டு வட்டம், அதற்குக் கீழே ஒரு சிரிப்பு. கைதேர்ந்த ஓவியர் கிடைக்காத கிராமத்திலும் எம்.ஜி.ஆர். எம்.ஜி.ஆராகவே வருவார். ஒரே நிறத்தில், ஸ்டென்சில் வெட்டி அடித்தாலும் அடையாளம் தப்பாது. முகமே சின்னம் ஆகிவிட்டது.

பட்டங்களும் இதே வழியில் மாறின. தி.மு.க. மேடைகளில் அவர் புரட்சி நடிகர். தனிக் கட்சி கண்டபின் போஸ்டரில் புரட்சித் தலைவர். ஒரு சொல்தான் மாறியது. ஆனால் நடிகர் என்ற அடைமொழி போய்த் தலைவர் வந்து உட்கார்ந்துகொண்டது. 1975-ல் வந்த ‘இதயக்கனி’ படத்தின் பெயரே, அண்ணா அவரைப் பற்றிச் சொன்ன சொல்லை நினைவூட்டுவதுதான்.

1977 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. 130 இடங்களைப் பிடித்தது. ஜூன் 30-ல் எம்.ஜி.ஆர். முதல்வரானார். அவர் நடித்த கடைசிப் படமான ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ அடுத்த ஜனவரியில் வெளிவந்தது. முதல்வராகப் பதவியில் இருப்பவர் திரையில் கத்தி சுழற்றினார்.

படம் சொன்னதும் ஆட்சி செய்ததும்

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரத்தான் செய்யும். படம் ஏழைகளின் காவலன் என்றது. ஆட்சி அப்படி இருந்ததா?

ஆதரிப்பவர்கள் முதலில் காட்டுவது சத்துணவு. காமராஜர் காலத்தில் தொடங்கிய மதிய உணவை 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். மிகப் பெரிய அளவில் விரிவாக்கினார். பசியோடு நாடகக் கம்பெனிக்குப் போன பையன் போட்ட சோறு என்று மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். பிம்பத்துக்கு அப்பாலும் நிற்கிற சாதனை அது. லட்சக்கணக்கான பிள்ளைகள் அதில் சாப்பிட்டார்கள்.

விமர்சிப்பவர்கள் காட்டுவது மது. திரையில் பொதுவாகக் குடிக்காத நாயகனின் ஆட்சியில்தான் 1981-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. டாஸ்மாக் நிறுவனம் உருவானதும் 1983-ல், அவர் காலத்தில்தான். அந்த வருமானத்தில் பெரும்பங்கு வந்தது கூலி ஆட்களின் சட்டைப்பையிலிருந்து. ஆய்வாளர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992-ல் எழுதிய நூலில் வைத்த வாதம் இதைத் தொட்டதுதான். எம்.ஜி.ஆர். ஆட்சியில் வரிச் சுமை ஏழைகள் மேல் விழுந்தது, பலன் வசதியானவர்களுக்குப் போனது, ஆனாலும் ஏழைகள்தான் அவரை விடாமல் தூக்கிப் பிடித்தார்கள், காரணம் பிம்பம் என்றார் அவர்.

இரண்டில் ஒன்றை மட்டும் உண்மை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சாப்பாடு போட்டதும் நிஜம், சாராயக் காசு வந்ததும் நிஜம். ஆனால் போஸ்டரில் இரண்டுக்கும் இடமில்லை. போஸ்டரில் இருந்தது சிரிப்பு மட்டும். ஒரு ஆட்சியின் கணக்கை அலசுவதற்குச் சுவரில் இருக்கும் முகம் உதவாது, சில சமயம் மறைக்கவும் செய்யும். எம்.ஜி.ஆரின் பிம்ப அரசியலில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

புரூக்ளினிலிருந்து வந்த வீடியோ

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். உடல்நலம் குன்றி சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் செயலிழந்திருந்தது. அந்த மாதக் கடைசியில் பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக்கொல்லப்பட்டார். நவம்பரில் எம்.ஜி.ஆரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நியூயார்க்கில் புரூக்ளின் பகுதி மருத்துவமனையில் சிகிச்சை. சட்டமன்றத் தேர்தல் டிசம்பரில்.

மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் தேர்தல். ஆனால் நிலைமை 1967 போல இல்லை. அன்றைக்கு அவர் 234 தொகுதிகளில் ஒன்றின் வேட்பாளர், கட்சிக்கு அண்ணா இருந்தார். இப்போது கட்சியே அவர்தான். அவர் எப்படி இருக்கிறார், திரும்பி வருவாரா, உயிரோடுதான் இருக்கிறாரா என்று ஊரெல்லாம் பேச்சு. போஸ்டரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அசையாத படம் எப்போது எடுத்தது என்று யாருக்குத் தெரியும்?

அசையும் படம் வேண்டியிருந்தது. மருத்துவமனையில் எம்.ஜி.ஆர். உட்கார்ந்திருப்பதையும் சாப்பிடுவதையும் வீடியோ எடுத்து, தமிழ்நாடு முழுக்க ஊர் ஊராகக் காட்டினார்கள். தமிழ்நாட்டுத் தேர்தலில் வீடியோ பிரசாரத்தின் பலத்தை எல்லாரும் உணர்ந்தது அப்போதுதான். ஆண்டிப்பட்டியில் வேட்பாளராக நின்ற எம்.ஜி.ஆர். தொகுதி மண்ணை மிதிக்காமலே ஜெயித்தார். காங்கிரசோடு கூட்டணி, இந்திரா மறைவின் அனுதாபம், எம்.ஜி.ஆர். மேல் அனுதாபம் எல்லாம் சேர்ந்து அ.தி.மு.க. மூன்றாவது முறையாக ஆட்சியைப் பிடித்தது.

1967-ல் படம் சொன்னது நடந்ததை. அடிபட்டிருக்கிறார், பாருங்கள் என்றது. 1984-ல் படத்தின் வேலை கொஞ்சம் மாறியது. நோயாளியின் உடல்நிலை பற்றி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில் எவ்வளவு காட்டலாம், எவ்வளவு காட்டக் கூடாது என்று தீர்மானித்தது அவரைச் சுற்றி இருந்தவர்கள். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து பதவியேற்ற முதல்வரால் தெளிவாகப் பேச முடியவில்லை. மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை என்பது உண்மை. முழுசாகச் சொல்லியிருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பார்கள் என்பது கேட்கப்படாத கேள்வி.

1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்தார். அந்த வீடியோத் தேர்தலின் வாக்குப்பதிவு நடந்து சரியாக மூன்று ஆண்டுகள். மெரினாவில் அண்ணா சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தபோதும் தொப்பியும் கண்ணாடியும் அவரோடு போயின.

முகம் யாருக்கு, சின்னம் யாருக்கு?

பிராண்டை உருவாக்கியவர் போன பிறகு அது யாருக்குச் சொந்தம் என்ற சண்டை உடனே வந்தது. ஒரு பக்கம் மனைவி ஜானகி, இன்னொரு பக்கம் ஜெயலலிதா. இரண்டு தரப்பும் போஸ்டரில் எம்.ஜி.ஆரைப் போட்டுக்கொண்டன. முகத்தைப் போட வேண்டாம் என்று யாரையும் தடுக்க முடியாது. ஆனால் சின்னத்தை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாது. கட்சி பிளந்தால் எந்தப் பிரிவு உண்மையான கட்சி என்று தீர்மானிக்கும் அதிகாரம், சின்னங்கள் ஆணையின் 15-வது பத்தியின்படி தேர்தல் ஆணையத்துக்கு உண்டு. தீர்மானிக்கும்வரை சின்னத்தை முடக்கி வைக்கலாம். இரட்டை இலை முடக்கப்பட்டது.

1989 தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. இரண்டு பக்கமும் அதே தொப்பி, அதே சிரிப்பு. ஓட்டு பிரிந்தது. தி.மு.க. 13 ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தது. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் இருந்தபடியே ஜெயித்த ஆண்டிப்பட்டியில் ஜானகி தோற்றார். முகம் மட்டும் போதாது, சின்னமும் சேர்ந்தால்தான் ஓட்டு என்று அந்தத் தேர்தல் நிரூபித்தது. அணிகள் இணைந்தன, இலை திரும்பி வந்தது. 2016-ல் ஜெயலலிதா மறைந்த பிறகு அதே கதை இன்னொரு முறை நடந்தது. 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு முன் இரட்டை இலை மறுபடி முடக்கப்பட்டு, பல மாத விசாரணைக்குப் பிறகுதான் விடுவிக்கப்பட்டது.

சமாதி வரைக்கும் இந்த வழக்கு தொடர்ந்தது. மெரினாவில் எம்.ஜி.ஆர். நினைவிட முகப்பில் 2012-ல் ஒரு பறக்கும் குதிரைச் சிலை வைக்கப்பட்டபோது, பின்னணியில் உள்ள வடிவம் இரட்டை இலை போலவே இருக்கிறது என்று தி.மு.க. தரப்பு நீதிமன்றம் போனது. அரசுச் செலவில் கட்சிச் சின்னமா என்பது கேள்வி. இரண்டு வளைவுக் கோடு எங்கே தெரிந்தாலும் தமிழ்நாட்டுக் கண்ணுக்கு அது இலையாகத் தெரியும் அளவுக்குப் பழக்கம் ஊறிப்போயிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்றைக்குக் கட்சிகளிடம் போஸ்டருக்குப் பதில் செல்போன் திரை இருக்கிறது. தேர்தல் போஸ்டரில் அச்சகத்தின் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் அதைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. இறந்த தலைவர்களின் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் உயிர்ப்பித்துப் பேசவைக்கும் காலமும் வந்துவிட்டது. சுவரிலிருந்து ஒரு முகம் சிரித்தால் வாக்காளர் கேட்க வேண்டிய கேள்விகள் மட்டும் பழையவைதான். இந்தப் படத்தை வெளியிட்டது யார்? இதில் காட்டாமல் விட்டது என்ன?